பச்சையில் சிவப்பு ஏன் எடுக்கவில்லை? வண்ணம் பற்றிய வாசகர் கேள்வி பதில்

போர்டு, பத்திரிகை, பை, புகைப்படம் என நிறம் சம்பந்தமாக வந்த கேள்விகளில் சில இங்கே. பதில் சொல்பவர்கள் அச்சு, வடிவமைப்பு வேலையில் இருப்பவர்கள்.

கேள்வி (சிம்மக்கல்): பாத்திரக் கடை வைத்திருக்கிறோம். இலைப்பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்தில் 12-க்கு 4 அடி ஃபிளெக்ஸ் போர்டு போட்டோம். கம்ப்யூட்டரில் பார்த்தபோது அம்சமாக இருந்தது. மாட்டிவிட்டு எதிர்ச்சாரியில் நின்று பார்த்தால் எழுத்து ஒரு மாதிரி நடுங்குகிறது. பொழுது சாய்ந்தால் கடைப் பெயரே தெரியவில்லை. சிவப்பை இன்னும் கொஞ்சம் கெட்டியாக்கினால் எடுப்பாகுமா?

பதில்: ஆகாது. கொஞ்சம் கெட்டியாக்கினால் இன்னும் மோசமாகும்.

ஒரு நிறத்துக்கு மூன்று குணம் உண்டு. அது என்ன நிறம் என்பது ஒன்று, வெளிரா அடரா என்பது இரண்டு, எவ்வளவு துலக்கம் என்பது மூன்று. டி.டி.பி. சென்டரில் உட்கார்ந்து பேசும்போது முதலாவதைப் பற்றி மட்டுமே பேச்சு நடக்கும். எழுத்தைப் படிக்கிற கண்ணுக்கு வேண்டியதோ இரண்டாவது. உங்கள் சிவப்பும் பச்சையும் நிறத்தில் எதிரும் புதிரும்தான்; வெளிர்–அடர் அளவில் கிட்டத்தட்ட ஒன்று. அப்படி இரண்டு துலக்கமான நிறங்கள் ஒரே அளவு வெளிச்சத்தோடு ஒட்டி நின்றால், எழுத்தின் ஓரம் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. நீங்கள் சொல்லும் நடுக்கம் அதுதான்.

கணக்கில் பார்க்கலாம். இணையதள எழுத்துகளுக்கென்று ஒரு சர்வதேச விதிமுறை இருக்கிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வெளிச்ச விகிதம் சாதாரண எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 இருக்க வேண்டும் என்கிறது. வெள்ளையில் கருப்பு 21:1. திரையின் சுத்தச் சிவப்பை (சிவப்பு, பச்சை, நீல அளவுகள் 255, 0, 0) இலைப்பச்சைமேல் (0, 128, 0) வைத்தால் கிடைப்பது சுமார் 1.3:1 தான். விதிமுறை திரைக்கானது என்றாலும் போர்டுக்கும் நல்ல அளவுகோல். நம் கடைத்தெருவில் அதிகம் தென்படும் ஜோடிகளை அதே கணக்கில் போட்டால்: மஞ்சளில் கருப்பு 19.6, அரக்கில் மஞ்சள் 10, இலைப்பச்சையில் வெள்ளை 5, சிவப்பில் மஞ்சள் 3.7, ஆரஞ்சில் வெள்ளை 2.5. சிவப்பு–மஞ்சள் பிடித்தவர்கள் மஞ்சளைத் தொட வேண்டாம். பின்னணிச் சிவப்பை அரக்காக இறக்கினால் போதும், எழுத்து மூன்று மடங்கு தூக்கலாகிவிடும்.

சாயங்காலப் பிரச்சினைக்குக் காரணம் வேறு. வெளிச்சம் குறையக் குறைய நம் கண் சிவப்பை முதலில் இழக்கும். பச்சையும் நீலமும் அப்புறம்தான் மங்கும். பூர்கின்யே என்ற செக் நாட்டு உடலியல் அறிஞர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டு சொன்ன விஷயம் இது. அந்தி நேரத்தில் செம்பருத்திப் பூ கருத்துப் போய், அதன் இலை மட்டும் துலக்கமாகத் தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். விளக்கு போடாத சிவப்பு எழுத்துக்கு ஆறரை மணிக்கு அதே கதிதான்.

நிறங்களை மாற்றாமல் சமாளிக்க வேண்டுமானால், அதே பச்சையில் சிவப்பு எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கரை கொடுத்து மறுபடி பிரிண்ட் எடுக்கலாம். கரையின் கனம் எழுத்து உயரத்தில் பத்தில் ஒரு பங்கு இருக்கட்டும். கோரல் டிராவில் கரை போடும்போது ‘பிஹைண்ட் ஃபில்’ என்பதை டிக் செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கரையில் பாதி எழுத்துக்குள்ளேயே ஏறி, ண, ஞ, ழ போன்ற எழுத்துகளின் சுழிகள் ஒல்லியாகிவிடும். புதிதாகவே போடுவதானால் அடர்பச்சையில் வெள்ளை அல்லது மஞ்சள் எழுத்து. சிவப்பு வேண்டும் என்று வீட்டில் சொன்னால், கீழே தொலைபேசி எண் இருக்கும் பட்டைக்குச் சிவப்புப் பின்னணி கொடுத்து அதில் வெள்ளை எழுத்து போடுங்கள்.

எழுத்தின் உயரத்துக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: பத்து அடி தூரத்துக்கு ஓர் அங்குலம். நாற்பது அடி அகலத் தெருவில் எதிர்ச்சாரியிலிருந்து படிக்க நான்கு அங்குலம். தமிழில் இதை ‘ப’ என்ற எழுத்தின் உடம்பை வைத்து அளக்க வேண்டும். மேலே ஏறும் இகரக் குறியையும் கீழே இறங்கும் உகரச் சுழியையும் சேர்த்து அளந்தால் எழுத்து சிறுத்துப் போகும்.

ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு சோதனை. டிசைனைக் கருப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். செல்போனில் படம் எடுத்து மோனோ ஃபில்டர் போட்டாலே போதும். அதில் படிக்க முடியாதது கலரிலும் தூரத்தில் படிக்க முடியாது. போட்டோஷாப்பில் செய்பவர்கள் ‘டிசாச்சுரேட்’ போடாதீர்கள். அது சுத்தச் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஒரே சாம்பலாகக் காட்டி ஏமாற்றும். இமேஜ், மோட், கிரேஸ்கேல் என்று போய் மாற்றினால்தான் கண் பார்க்கிற அளவுக்குக் கிட்டே வரும்.

கேள்வி (திருமங்கலம்): எங்கள் ஃபிளெக்ஸ் போர்டு நாலு வழிச் சாலையில் மேற்குப் பார்த்து நிற்கிறது. நாளாக ஆகப் படம் முழுக்க நீலம் பாய்ந்துவிட்டது. மட்டமான மை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: மையின் தரமும் ஒரு காரணம்தான். ஆனால் நல்ல மையிலும் இதே வரிசையில்தான் வெளுக்கும். ஃபிளெக்ஸ் அச்சில் சியான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (அடர் ரோஸ்), மஞ்சள், கருப்பு என நான்கு மை. வெயிலின் புற ஊதாக் கதிரில் மஞ்சளும் மெஜந்தாவும் சீக்கிரம் போய்விடும். சியானும் கருப்பும் நின்று பிடிக்கும். மிச்சமிருக்கும் அந்த இரண்டும் சேர்ந்துதான் உங்கள் நீலம். மேற்கு வெயில் படும் போர்டில் தொலைபேசி எண்ணையும் வழிகாட்டும் அம்புக்குறியையும் சிவப்பிலோ ஆரஞ்சிலோ போடாதீர்கள். கருப்பில் போட்டால் மற்றது வெளுத்தாலும் ஆள் வந்து சேர்வார். நிரந்தர போர்டு என்றால் நிறம் உள்ளேயே ஊறிய அக்ரிலிக் எழுத்து, அல்லது நிற வினைல் வெட்டி ஒட்டுவது மேல்.

கேள்வி (மேலூர்): தங்கை கல்யாணப் பத்திரிகைக்கு ராஜ நீலம் தேர்ந்தெடுத்தோம். வாட்ஸ்அப்பில் வந்த மாதிரியில் நல்ல நீலமாக இருந்தது. சிவகாசியில் அடித்து வந்தபோது கத்தரிப்பூ நிறம். உள்ளே அரக்கு நிறத்தில் போட்ட உறவினர் பெயர்களைச் சுற்றி ரோஸ் நிழல் வேறு. அச்சகத்தில் கேட்டால் ஃபைல் அப்படித்தான் என்கிறார்கள். யார் தப்பு?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அச்சகம் சொல்வது பெரும்பாலும் சரி.

திரை, சிவப்பு பச்சை நீல வெளிச்சத்தைக் கூட்டி நிறம் காட்டுகிறது. காகிதத்தில் மை, வெள்ளை வெளிச்சத்திலிருந்து கழித்து நிறம் காட்டுகிறது. திரையின் துலக்கமான நீலம், மின்னும் பச்சை, ஒளிரும் ரோஸ் இவற்றை நான்கு மையில் கொண்டுவரவே முடியாது. ஆர்.ஜி.பி.யில், அதாவது திரையின் சிவப்பு–பச்சை–நீல முறையில் செய்த ஃபைலை அப்படியே சி.எம்.ஒய்.கே.க்கு (சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்ற நான்கு மை முறை) மாற்றும்போது சாஃப்ட்வேர் கிட்டத்தட்ட பொருந்துவதைப் போட்டுக்கொள்ளும். நீலத்துக்கு அது சியானையும் மெஜந்தாவையும் ஏறக்குறைய சமமாகப் போட்டுவிடும். இரண்டும் சமமானால் காகிதத்தில் கத்தரிப்பூதான்.

நீலம் நீலமாகவே விழ, மெஜந்தா சியானைவிட குறைந்தது 30 புள்ளி குறைவாக இருக்க வேண்டும். ராஜ நீலத்துக்கு சி 100, எம் 65, ஒய் 0, கே 10 என்று வைத்துப் பாருங்கள் (சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு மைகளின் சதவீதம்). குங்குமச் சிவப்புக்கு எம் 100, ஒய் 100, கே 10. மஞ்சள்கிழங்கு நிறத்துக்கு எம் 20, ஒய் 100. எம் கொஞ்சம் கூடினாலும் ஆரஞ்சுப் பக்கம் சாயும். இதெல்லாம் வழவழப்பான ஆர்ட் பேப்பருக்கு. கைத்தாள் மாதிரி சொரசொரப்பான காகிதம் மையை உறிஞ்சும்; அதே எண்கள் அதில் மங்கலாகவும் அடர்த்தியாகவும் விழும். அதே காகிதத்தில் அச்சான பழைய பத்திரிகை ஒன்றைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகு எண்ணை முடிவு செய்யுங்கள்.

ரோஸ் நிழலுக்கு வருவோம். கல்யாணப் பத்திரிகையில் கருப்பு எழுத்து வேண்டாம் என்று நம் வீடுகளில் அரக்கு கேட்பார்கள். அச்சில் ஒவ்வொரு மைக்கும் தனித் தகடு, அதாவது பிளேட்; அரக்கு என்பது மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்று மூன்று பிளேட். ஒரு பிளேட் கால் மில்லிமீட்டர் நகர்ந்தாலும் எட்டுப் பாயிண்ட் எழுத்தின் ஓரத்தில் மெஜந்தா எட்டிப் பார்க்கும். ‘ரிஜிஸ்டர் அவுட்’ என்று சொல்வது இதைத்தான். பெரிய எழுத்தில் கண்ணுக்குத் தெரியாது. ‘சித்தப்பா, சித்தி’ வரிசையில் பளிச்சென்று தெரியும். இதற்கு இரண்டு வழி. அரக்கைத் தனி மையாகக் கலக்கச் சொல்லி ஐந்தாவது கலராக ஓட்டுவது, செலவு கூடும். அல்லது சின்ன எழுத்தைப் பத்துப் பாயிண்டுக்கு மேல் ஏற்றி, தடித்த எழுத்துருவில் போடுவது. கருப்பு எழுத்துக்கு ஆட்சேபம் இல்லாத வீடாக இருந்தால் கே 100 மட்டும், மற்ற மூன்றும் சுழியம். ஒரே பிளேட் என்பதால் நிழல் விழ வழியே இல்லை.

பெரிய பரப்பில் கருப்பு வேண்டும் என்றால் தலைகீழ். கே 100 மட்டும் போட்டால் சாம்பல் பூத்த மாதிரி விழும். சி 60, எம் 40, ஒய் 40, கே 100 போட்டால் ஆழமான கருப்பு. நான்கையும் நூறு நூறாக ஏற்றும் ஃபைல்களும் வருகின்றன. மை காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். ஆர்ட் பேப்பரில் நான்கு மையின் சதவீதத்தையும் கூட்டி 300-க்குள் நிறுத்துவது நல்லது.

தங்க நிறத்தை நான்கு மையில் கேட்காதீர்கள், கடுகு நிறம்தான் வரும். தங்கம் வேண்டுமானால் ஃபாயில், அதாவது மினுங்கும் தகடு ஒட்டுவது. பிள்ளையார் சுழி, மணமக்கள் பெயர் இரண்டுக்கும் போட்டால் போதும்.

இன்னொன்று. சிவகாசியில் பல பேருடைய பத்திரிகையை ஒரே பெரிய தாளில் சேர்த்து ஓட்டும் வழக்கம் உண்டு. விலை குறைவதே அதனால்தான். அப்படி ஓடும்போது உங்கள் நீலத்துக்காக மெஜந்தாவைக் குறைத்தால் பக்கத்திலிருக்கும் இன்னொருவர் குங்குமம் வெளுத்துவிடும். மெஷின்காரர் தொட மாட்டார். ஃபைலிலேயே சரியாக இருந்தால்தான் உண்டு. வாட்ஸ்அப் மாதிரியில் எழுத்துப் பிழை மட்டும் பாருங்கள், நிறத்தைக் காகிதத்தில் அடித்த மாதிரியில் (ப்ரூஃப்) பாருங்கள்.

கேள்வி (கோரிப்பாளையம்): 60–30–10 என்று ஒரு விதி சொல்கிறார்களே, போஸ்டருக்கு அது கட்டாயமா?

பதில்: கட்டாயம் கிடையாது. அறை அலங்காரத்தில் இருந்து வந்த வழக்கம் அது: பரப்பில் 60 சதவீதம் ஒரு நிறம், 30 இரண்டாவது, 10 தூக்கிக் காட்ட மூன்றாவது. இதில் நமக்கு உருப்படியானது கடைசி எண்தான். துலக்கமான நிறம் கொஞ்சமாக இருந்தால்தான் கண் அங்கே போகும். மற்ற இரண்டையும் 70–20 ஆக்கினாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. இரண்டு துலக்கமான நிறங்களுக்குச் சரிபாதி இடம் கொடுப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி (வாடிப்பட்டி): மகளிர் குழுவாக மஞ்சப்பை தைத்துக் கொடுக்கிறோம். ஒரு ஜவுளிக் கடைக்காரர் தன் நீல லோகோவை அச்சிட்டுக் கேட்டார். நீல மை வாங்கி ஸ்கிரீன் பிரிண்ட் போட்டால் பச்சையாக விழுகிறது. மைக் கடையில் ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: மை நீலம்தான், துணிதான் மஞ்சள். துணிக்கான சாதாரண பிக்மென்ட் மை ஒளி ஊடுருவக் கூடியது. கீழே இருக்கும் துணியின் நிறம் மேலே வரும். மஞ்சள் துணி நீல வெளிச்சத்தை விழுங்கிவிட்டுச் சிவப்பையும் பச்சையையும் திருப்பி அனுப்பும். நீல மை சிவப்பை விழுங்கிவிடும். இரண்டுக்கும் தப்பி வெளியே வருவது பச்சை மட்டுமே.

நீலமேதான் வேண்டும் என்றால் முதலில் ஒரு வெள்ளை அடிப்பூச்சு போட வேண்டும். ஒளி ஊடுருவாத வெள்ளை மையைக் கேட்டு வாங்குங்கள். கோரா காடா துணிக்குச் சென்டிமீட்டருக்கு 40 முதல் 55 இழை உள்ள ஸ்கிரீன் சரி. அதைவிட நெருக்கமான ஸ்கிரீனில் வெள்ளை போதுமான அளவு இறங்காது. வெள்ளைக்கான ஸ்கிரீனில் லோகோவை எல்லா ஓரத்திலும் அரை மில்லிமீட்டர் சுருக்குங்கள். இல்லாவிட்டால் நீலத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரியும். தைத்த பையில் அச்சிடும்போது துணி நகர்வது சகஜம். வெள்ளை தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்த பிறகே நீலம். ஈரத்தின்மேல் போட்டால் இரண்டும் கலந்து வெளிர் நீலத் திட்டுகள்தான் மிஞ்சும். கடைசியில் 150 டிகிரி செல்சியஸில் மூன்று முதல் ஐந்து நிமிடம் சூடு கொடுங்கள். சூடு போதாவிட்டால் இரண்டு சலவையில் உரிந்துவிடும். அயர்ன் பாக்ஸில் செய்பவர்கள் மேலே ஒரு பருத்தித் துணி போட்டு, ஒரே இடத்தில் நிறுத்தாமல் மெதுவாக நகர்த்த வேண்டும்.

வெள்ளைப் பூச்சுக்கு இன்னொரு ஸ்கிரீன், இன்னொரு முறை இழுப்பு என்று கூலி இரட்டிப்பாகும். கடைக்காரரிடம் இதைச் சொல்லி, பைக்கு மட்டும் லோகோவை அரக்கிலோ கருப்பிலோ போடச் சம்மதம் வாங்குவது புத்திசாலித்தனம். சிவப்பு மஞ்சள்மேல் விழுந்தால் இன்னும் கனிந்த சிவப்பாகத்தான் வரும், கெடாது. 2021 டிசம்பரில் தமிழக அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியதிலிருந்து இந்தக் கேள்வி அச்சுக்காரர்களிடம் அடிக்கடி வருகிறது.

கேள்வி (தெற்கு மாசி வீதி): வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை ஆன்லைனில் விற்கிறேன். படத்தில் பார்த்தது ஒரு நிறம், வந்தது ஒரு நிறம் என்று சேலைகள் திரும்பி வருகின்றன. நல்ல போன்தான் வைத்திருக்கிறேன். ரிங் லைட்டும் வாங்கினேன். என்ன செய்வது?

பதில்: போனை மாற்ற வேண்டாம். ரிங் லைட்டை அணைத்துவிடுங்கள், அறையின் டியூப் லைட்டையும்தான். ஒரே படத்தில் இரண்டு வகை வெளிச்சம் விழுவதுதான் முதல் எதிரி. வெளிச்சம் மஞ்சள் பக்கமா நீலப் பக்கமா என்று சொல்லும் அளவு நிறவெப்பம்; எண் கூடக் கூட நீலம். மஞ்சள் பல்பின் நிறவெப்பம் 2700 கெல்வின், நடுப்பகல் வெயில் சுமார் 5500, வெள்ளை எல்.இ.டி. டியூப் 6500. சேலையின் ஒரு பக்கம் ஜன்னல் வெளிச்சம், மறு பக்கம் டியூப் லைட் என்றால் போனுக்கு எதைச் சரி செய்வது என்று தெரியாது. எந்த எடிட்டிங்கிலும் அது சரியாகாது.

நேரடி வெயில் விழாத, வானம் தெரிகிற இடம் வேண்டும். வடக்குப் பார்த்த திண்ணையோ மொட்டை மாடியில் சுவர் நிழலோ போதும். பக்கத்துச் சுவரின் பெயின்ட் நிறத்தையும் கவனியுங்கள். பச்சைச் சுவருக்கு மூன்றடியில் வைத்த சந்தன நிறச் சேலையில் பச்சை ஏறும். தலைக்கு மேல் நீலத் தார்ப்பாய் இருந்தாலும் இதே கதை.

அடுத்தது வெள்ளைச் சமநிலை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரிய போன் செய்யும் நிறத் திருத்தம். போனை ஆட்டோவில் விட்டால், முழுப் படத்தையும் சிவப்புச் சேலை நிரப்பும்போது ‘இங்கே சிவப்பு அதிகம்’ என்று எண்ணி அதைக் குறைத்துவிடும். உங்கள் அரக்கு மங்கி, பழுப்பாகத் தெரிவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். போட்டோ ஸ்டுடியோப் பொருள் விற்கும் கடையில் 18 சதவீதச் சாம்பல் அட்டை கிடைக்கும். சேலை வைக்கும் இடத்தில் அதை வைத்து, போனின் புரோ மோடில் கெல்வின் எண்ணை நகர்த்தி, அட்டை எந்த நிறச் சாயலும் இல்லாத சாம்பலாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். நிழலில் அது பெரும்பாலும் 6500-இலிருந்து 7500-க்குள் வரும். அந்த எண்ணைப் பூட்டிவிட்டு, வெளிச்சம் மாறும்வரை எல்லாச் சேலைகளையும் அதிலேயே எடுங்கள். சாம்பல் அட்டைக்குப் பதில் ஜெராக்ஸ் பேப்பர் வேண்டாம். அதில் வெண்மைக்காகச் சேர்க்கும் வேதிப்பொருள் பகல் வெளிச்சத்தில் லேசாக நீலம் காட்டும். அதை வைத்துச் சரி செய்தால் படம் முழுக்க மஞ்சளாகும்.

சிவப்பு, வாடாமல்லி, ஆரஞ்சுச் சேலைகளுக்கு எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) முக்கால் புள்ளி குறைத்து எடுங்கள். இந்த நிறங்களில் கேமராவின் சிவப்பு அளவு உச்சத்தில் முட்டி நின்றுவிடும். முட்டிவிட்டால் சேலை ஒரே சிவப்புப் பாளமாகி, சுங்குடிப் புள்ளியைச் சுற்றி சாயம் கசிந்த மெல்லிய வளையம் காணாமல் போகும். கையால் முடிந்த சுங்குடிக்கும் மெஷினில் புள்ளி அச்சிட்டதற்கும் வித்தியாசமே அந்த ஒழுங்கில்லாத வளையத்தில்தான் தெரியும். ஆகவே முழுச் சேலை ஒரு படம், ஒரு சாண் அகலத்தில் புள்ளி தெரிய ஒரு படம் என இரண்டு போடுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் வாங்குபவரின் போன் ‘விவிட்’ மோடிலோ இரவு நேர மஞ்சள் திரையிலோ இருந்தால் நிறம் மாறத்தான் செய்யும். அதற்கு மருந்து எழுத்து. ‘நீலம்’ என்று போடாமல் மயில்கழுத்து, ஆகாய நீலம், எம்.எஸ். ப்ளூ என்று போடுங்கள். மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரைத் தாங்கிய அந்த நீலம் எது என்று சேலை வாங்குபவர்களுக்குத் திரையைவிடத் துல்லியமாகத் தெரியும். பாவும் ஊடும் வேறு நிறமாக நெய்த பட்டுச் சேலையும் விற்கிறீர்கள் என்றால், நேராக ஒன்று, சாய்வாக ஒன்று என்று படம் எடுத்து, இரண்டு நிறத்தின் பெயரையும் எழுதிவிடுங்கள்.

கேள்வி (விளக்குத்தூண்): கடையில் சேலைக்கும் ரவிக்கைத் துணிக்கும் அச்சுப் பிசகாமல் பொருந்துகிறது. வீட்டில் வந்து பார்த்தால் பொருந்தவில்லை. ஏன்?

பதில்: இரண்டும் வேறு வேறு சாயம். ஒரு விளக்கின் கீழ் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு சாயங்கள் இன்னொரு விளக்கின் கீழ் பிரிந்துவிடும். கடை வாசலுக்கு எடுத்து வந்து பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, உள்ளே மஞ்சள் விளக்கில் ஒருமுறை பாருங்கள். இரண்டிலும் பொருந்தினால் வெட்டச் சொல்லலாம்.

கேள்வி (உசிலம்பட்டி): அரசுப் பள்ளி ஆசிரியர். பச்சைப் பலகையில் முக்கியமான வரிகளைச் சிவப்பு சாக்பீஸில் எழுதுகிறேன். கடைசி பெஞ்சில் ஒரு மாணவன் அந்த வரிகளை மட்டும் விட்டுவிட்டு எழுதுகிறான். நிறக்குருடாக இருக்குமோ? சார்ட் வரையும்போது என்ன நிறங்கள் பயன்படுத்தலாம்?

பதில்: இருக்கலாம். கண் மருத்துவமனையில், நிறப் புள்ளிகளுக்குள் இருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்லும் அட்டைச் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். 1917-இல் இஷிஹாரா என்ற ஜப்பானிய மருத்துவர் வெளியிட்ட முறை இது. சிவப்பு–பச்சை வேறுபாடு தெரியாத குறை எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் ஆண் பிள்ளைகளிடம்தான் அதிகம். பெயர்சூட்டிக் கேலி செய்யாமல் இருக்க, பெற்றோரிடம் தனியாகச் சொல்வது நல்லது.

ஆனால் பையனைக் குறை சொல்லும் முன் பலகையைப் பாருங்கள். பச்சைப் பலகையில் சிவப்பு சாக்பீஸ் நல்ல பார்வை உள்ளவர்களுக்கே எடுக்காது, முதல் கேள்வியில் சொன்ன அதே காரணம். வெள்ளையும் மஞ்சளும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமான வரிக்கு அடிக்கோடு இடுங்கள் அல்லது கட்டம் போடுங்கள்.

சார்ட்டில் சிவப்பு–பச்சை ஜோடிக்குப் பதில் நீலம்–ஆரஞ்சு. நான்கு பிரிவு இருந்தால் அடர்நீலம், ஆரஞ்சு, வெளிர்மஞ்சள், நடுச்சாம்பல் என்று வெளிர்–அடர் வரிசையிலும் பிரித்துவிடுங்கள். வினாத்தாளில் ஜெராக்ஸ் எடுத்தாலும் அப்போது பிரிந்து தெரியும். நிறத்தை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு துண்டின்மேலும் பெயரை எழுதுங்கள். மூலையில் ‘குறியீடு’ என்று தனிப்பெட்டி வைத்தால், நிறம் தெரியாத பிள்ளைக்கு அது வெறும் பெட்டி. உணவுப் பொட்டலங்களில் அசைவத்தைக் குறிக்கும் பழுப்பு வட்டத்தை நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் முக்கோணமாக மாற்றியிருப்பதை மாணவர்களுக்குக் காட்டலாம். சைவத்துக்குப் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்பு முக்கோணம் என்றால் நிறம் பிரியாதவரும் வடிவத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்.

கேள்வி (காளவாசல்): ஜிகர்தண்டா கடை திறக்கப் போகிறோம். சிவப்பு பசியைத் தூண்டும், நீலம் பசியைக் குறைக்கும் என்று இன்டீரியர்காரர் சொல்கிறார். உண்மையா? படம் எடுத்தால் ஜிகர்தண்டா அழுக்குப் பால் மாதிரி தெரிகிறது, அதற்கும் வழி சொல்லுங்கள்.

பதில்: நிறத்துக்கு இன்ன குணம் என்று அடித்துச் சொல்லும் பட்டியல்களை அவ்வளவாக நம்ப வேண்டாம். பொருள் ஊருக்கு ஊர் மாறும். சித்திரையில் அழகர் பச்சைப்பட்டு உடுத்தி வைகையில் இறங்கினால் அந்த வருஷம் செழிப்பு என்று இங்கே மதுரையில் எல்லோரும் படித்துவிடுவார்கள். வேறு ஊரில் அது வெறும் பச்சைத் துணி. உங்களுக்கு இதைவிட முக்கியமான ஒன்று: தமிழ்நாட்டில் கருப்பு–சிவப்பு, காவி–பச்சை போன்ற ஜோடிகளைப் பட்டை பட்டையாகப் போட்டால், கடை என்று பார்க்கும் முன் கட்சி என்று பார்ப்பார்கள். ஷட்டருக்குப் பெயின்ட் அடிக்கும் முன் இதை யோசியுங்கள்.

அழுக்குப் பால் விஷயம் நிஜமான வண்ணப் பிரச்சினை. 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸின் கோப்லான் நெசவுச்சாலையில் கருப்புச் சாயம் சோகையாக இருக்கிறது என்று புகார் வந்தது. அங்கே சாயப் பிரிவின் தலைவராக இருந்த வேதியியலாளர் செவ்ரல் ஆராய்ந்தபோது சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் நெய்த நிறங்கள்தான் கருப்பை அப்படிக் காட்டின. 1839-இல் அதைப் புத்தகமாகவே எழுதினார். உங்கள் ஜிகர்தண்டாவின் நிறம் பாலும் நன்னாரியும் கலந்த வெளிர்பழுப்பு. தூய வெள்ளை டேபிளில் வைத்தால் ஒப்பீட்டில் அது அழுக்காகத்தான் தெரியும். மஞ்சள் மைக்கா மேசையில் சாம்பல் பூத்துவிடும். அடர்நீலத்திலோ கரும்பழுப்பு மரத்திலோ வையுங்கள். அதே டம்ளர் பாலேடு நிறத்தில் கனிந்து நிற்கும்.

விளக்குக்கு 3000 கெல்வின், நிறம் காட்டும் திறன் 90-க்கு மேல் என்று கேட்டு வாங்குங்கள், பெட்டியிலேயே சி.ஆர்.ஐ. என்று போட்டிருக்கும். கடை முன்னால் பச்சைத் தார்ப்பாய்ப் பந்தல் போட்டால் எந்த உணவும் நோஞ்சானாகத் தெரியும். வெள்ளை அல்லது சந்தன நிறப் பந்தல் போடுங்கள்.

கேள்வி (சோழவந்தான்): கோயில் திருவிழா அழைப்பிதழை நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்தாகச் செய்தேன். என் கம்ப்யூட்டரில் தெளிவாக இருக்கிறது, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சிவப்பு எழுத்து மட்டும் பிசிறடிக்கிறது.

பதில்: வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது வெளிர்–அடர் விவரத்தை ஓரளவு காப்பாற்றிவிட்டு, நிற விவரத்தைத்தான் அதிகம் வெட்டும். சிவப்பும் நீலமும் வெளிர்–அடர் அளவில் கிட்டே இருப்பதால் உங்கள் எழுத்து முழுக்க முழுக்க நிற விவரத்தை நம்பியே நிற்கிறது. வெட்டில் அதுதான் அடிபடும். எழுத்தை மஞ்சளாகவோ வெள்ளையாகவோ மாற்றினால் அதே சுருக்கத்திலும் ஓரம் கூர்மையாக நிற்கும். மாற்ற விருப்பமில்லை என்றால், படத்தை பி.என்.ஜி.யாகச் சேமித்து, ‘போட்டோ’ வழியாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ வழியாக அனுப்புங்கள். சுருக்காமல் போய்ச் சேரும். ஆனால் அதை வாங்கியவர் குரூப்பில் மறுபடி போட்டோவாகப் போட்டால் பழையபடி பிசிறும். ஆகவே நிறத்தை மாற்றிவிடுவதே நல்லது.